சிறுநீர்ப்பையின் மருந்தும் முதியோரின் நினைவும்

வெளியில் சொல்லக் கூசும் நோய்கள் சில உண்டு. அவை உயிரைப் பறிப்பவை அல்ல. ஆனால் வாழ்வைச் சுருக்குபவை. சிறுநீரை அடக்கமாட்டாமை அவற்றுள் ஒன்று. பிரயாணம் என்றால் முதல் நாள் மாலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடும் மூதாட்டி, கலியாண வீட்டில் நுழைந்ததும் கழிப்பறை எப்பக்கம் என்று பார்த்து வைத்துக்கொள்ளும் நடுத்தர வயது மாது, இரவில் நான்கு முறை எழுந்து இருட்டில் நடந்து ஒருநாள் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்ளும் பெரியவர் ஆகிய இவர்கள் இல்லாத ஊர் இந்நாட்டில் இராது. ஆயினும் காய்ச்சலையும் இருமலையும் போல இதனை அவர்கள் வாய்விட்டுக் கூறுவதில்லை. வயதானால் அப்படித்தான் என்று தாமும் நம்பி, பிறரும் அவ்வாறே சொல்லக் கேட்டு, வீட்டிற்குள் அடங்கிவிடுகின்றனர்.

இக்குறைக்கு மருந்து உண்டு; ஒன்றல்ல, பல உண்டு. அவற்றுள் மிகப் பழையதும் மலிவானதுமாகிய ஒன்று இன்னும் முதியோர் பலருக்கு முதல் மருந்தாகவே கொடுக்கப்பட்டு வருகின்றது. அது தகாது என்பதும், மாத்திரைக்கு முன்பாகச் செய்ய வேண்டிய எளிய பயிற்சி ஒன்று கவனிப்பாரின்றிக் கிடக்கின்றது என்பதும் நமது அபிப்பிராயம். மருந்து எழுதுவதும் நிறுத்துவதும் டாக்டரின் பொறுப்பே. எனினும் மருந்து உண்பவரை நாள்தோறும் காண்பவர் டாக்டர் அல்லர். வீடு வீடாகச் சென்றுவரும் ஊழியரும், மருந்துச் சீட்டையும் மாத்திரை அட்டையையும் படித்துச் சொல்லுமாறு ஊரார் தேடிவரும் ஆசிரியருமே அவர்களை அருகிலிருந்து பார்க்கின்றனர். ஆகவே இவ்விஷயத்தை இவ்விருவரும் சற்று விரிவாக அறிந்திருத்தல் நலம்.

நோயின் இலக்கணத்தை முதலில் காண்போம். சிறுநீர் கழிக்க வேண்டும் என்னும் உணர்வு, தள்ளிப்போட முடியாத வேகத்துடன் திடீரென எழுவதே இதன் தலையாய குறி. அதனுடன் அடிக்கடி கழித்தலும் இரவில் எழுந்திருத்தலும் பெரும்பாலும் சேர்ந்திருக்கும். சிலருக்குக் கழிப்பறையை அடையுமுன் ஒழுகிவிடுதலும் உண்டு. தொற்றுநோய் முதலிய வேறு வெளிப்படையான காரணம் எதுவும் இல்லாதபோது இதனை மிகையாக இயங்கும் சிறுநீர்ப்பை என்று பெயரிட்டு அழைக்கலாம் எனச் சர்வதேச சிறுநீர்க் கட்டுப்பாட்டுச் சங்கம் 2002ஆம் ஆண்டில் வரையறுத்தது. கனடா, ஜெர்மனி, இத்தாலி, ஸ்வீடன், பிரிட்டன் ஆகிய ஐந்து நாடுகளில் நடத்தப்பெற்று 2006இல் வெளியான ஒரு கணக்கெடுப்பில், வயது வந்தோரில் 100க்கு ஏறக்குறைய 12 பேருக்கு இக்குறை இருப்பது தெரிந்தது. ஆண், பெண் என்ற வேற்றுமை அதில் மிகச் சொற்பமே. இது பெண்களின் நோய் என்று எண்ணுவோர் இதனை மனத்திற் கொள்க.

மேற்கண்ட இலக்கணத்தில் "வேறு காரணம் எதுவும் இல்லாதபோது" என்னும் சொற்கள்தாம் மிக முக்கியமானவை. நம் நாட்டில் அவற்றின் கனம் இன்னும் அதிகம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நீரிழிவு உடையோர் 10.1 கோடி பேர் என மதிப்பிட்டது. இரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால் சிறுநீர் மிகும். சிறுநீர் மிகுந்தால் அடிக்கடி போக வேண்டியதுதான். அத்தகையவருக்குச் சிறுநீர்ப்பையை அடக்கும் மாத்திரையைக் கொடுப்பது, கூரை ஒழுகும் வீட்டில் தரையைத் துடைத்துக் கொண்டிருப்பது போலாகும். சிறுநீர்ப்பாதைத் தொற்று, கல், ஆண்களுக்கு வரும் பிராஸ்டேட் சுரப்பி வீக்கம், இரத்த அழுத்தத்துக்காக மாலையில் உண்ணும் நீர்பிரி மாத்திரை ஆகிய ஒவ்வொன்றும் இதே வேடத்தில் வரும். காசநோய் சிறுநீர்ப்பையைத் தாக்கிச் சுருக்கிவிடுவதும் உண்டு, அதனை மறப்பதற்கில்லை. சிறுநீரில் இரத்தம் கண்டால் அது வலியற்றதாயினும் புற்றுநோயின் அடையாளமாயிருக்கக்கூடும். அங்கே ஒருநாளும் தாமதம் கூடாது. சிறுநீர்ப் பரிசோதனையும் சர்க்கரைப் பரிசோதனையும் இன்றி இம்மருந்துகளைத் தொடங்குவது முறையன்று.

இன்னொரு வேறுபாட்டையும் இங்கேயே கூறிவிடுவோம். இருமும்போதும் தும்மும்போதும் தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போதும் மட்டும் சிறிது சிந்துமாயின், அது வேறு நோய். பிரசவங்களால் தளர்ந்த அடித்தளத் தசைகளின் குறை அது. இக்கட்டுரையில் பேசப்படும் மாத்திரைகள் எவையும் அதற்குப் பயன்படா.

சிறுநீர்ப்பை ஒரு தசைப்பை. சிறுநீரகங்களிலிருந்து துளித்துளியாக வந்து சேரும் நீரை அது மெல்ல விரிந்து ஏற்றுக்கொள்கின்றது. 150 முதல் 200 மில்லிலிட்டர் அளவில் முதல் உணர்வு தோன்றும். ஆயினும் 400 மில்லிலிட்டரைக் கடந்தும் அடக்கி வைத்திருக்க நலமுள்ளவரால் இயலும். இவ்வாறு நிரம்பும் வேளையில் பையின் தசை தளர்ந்திருக்க, வாயிற்புறத் தசை இறுகியிருக்கும். கழிக்கும் வேளையில் இது தலைகீழாக மாறும். அப்போது நரம்பின் நுனியிலிருந்து அஸிடைல்கோலின் என்னும் இரசாயனப் பொருள் சுரந்து, பையின் தசையைச் சுருங்குமாறு ஏவுகின்றது. நரம்புகள் இத்தகைய பொருள்கள் வாயிலாகவே தம் கட்டளையை அனுப்புகின்றன என்பதை, 1921ஆம் ஆண்டில் ஆட்டோ லோவி என்னும் விஞ்ஞானி இரு தவளைகளின் இதயங்களைக் கொண்டு நிரூபித்தார். அதற்காக அவரும் ஹென்றி டேலும் 1936இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் வகுப்பில் சொல்லத்தக்க அருமையான சோதனை அது. நோயுற்ற சிறுநீர்ப்பையில், பை நிரம்புமுன்பே தசை தானாகச் சுருங்க முற்படுகின்றது. அந்த அஸிடைல்கோலினைத் தசையில் சென்று பற்றாதபடி தடுத்துவிட்டால் சுருக்கம் குறையும் அல்லவா? பழைய மருந்துகள் அனைத்தும் இந்த ஒரே யோசனையின் பிள்ளைகள்.

இந்த யோசனை நம் வயல்வரப்பிலேயே வளர்ந்து நிற்கின்றது. ஊமத்தைச் செடியை அறியாதார் யார்? அதன் விதையிலும் இலையிலும் உள்ள அட்ரோபின், ஸ்கோபொலமின் முதலிய பொருள்கள் அஸிடைல்கோலினைத் தடுப்பவை. ஊமத்தை விதையை உண்டுவிட்டவரின் வாய் உலரும், கண்மணி விரிந்து பார்வை மங்கும், வியர்வை நின்று உடல் சுடும், சிறுநீர் கட்டிக்கொள்ளும், புத்தி பேதலித்துப் பிதற்றல் தொடங்கும். வழிப்போக்கரின் உணவில் இவ்விதையைக் கலந்து மயக்கிக் கொள்ளையிட்டவர்களைப் பற்றி 19ஆம் நூற்றாண்டின் இந்தியச் சட்ட மருத்துவ நூல்கள் விரிவாகக் கூறுகின்றன. இச்செடிக்கு வடமொழியில் உன்மத்தம் என்றும் ஒரு பெயருண்டு. பித்துப் பிடித்த நிலை என்பது அதன் பொருள். சிறுநீர் கட்டிக்கொள்ளுதல் என்ற ஒரு விளைவை மட்டும் பிரித்தெடுத்து, மற்றவற்றை இயன்றவரை குறைத்து மருந்தாக்க வேண்டும் என்பதே இரசாயன அறிஞர்களின் முயற்சியாயிற்று. அம்முயற்சி முழுதும் வெற்றி பெற்றதாகச் சொல்வதற்கில்லை.

இவ்வினத்தில் ஆக்ஸிபியூட்டினின் 1975ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பின்னர் 1998இல் டால்டெரோடினும், 2004இல் ஸாலிபெனாஸின், டாரிபெனாஸின் ஆகியவையும் அங்கே அனுமதி பெற்றன. ட்ரோஸ்பியம், பெஸோடெரோடின் என்பனவும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. இவற்றின் பெயர்களை ஆசிரியர்கள் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. ஏனெனில் மாத்திரை அட்டையில் கம்பெனிப் பெயர் பெரிதாகவும் மருந்தின் மெய்ப்பெயர் சிறிதாகவும் அச்சிடப்பட்டிருக்கும். தேடிப் படிக்க வேண்டியது அந்தச் சிறிய எழுத்தையே.

இம்மருந்துகள் பயனற்றவை என்று நாம் கூறவில்லை. பலருக்கு அவசர உணர்வு குறைகின்றது. ஒழுக்கு நாளுக்கு ஒன்றிரண்டு முறையேனும் குறைகின்றது. ஆயினும் பெயரளவு மாத்திரை உண்டவர்களுக்கும் ஆராய்ச்சிகளில் கணிசமான குணம் கண்டிருப்பதால், மருந்தின் சொந்தப் பங்கு விளம்பரங்கள் சொல்லும் அளவு பெரிதன்று. இதற்கு ஈடாக வாயுலர்ச்சி, மலச்சிக்கல், பார்வை மங்கல் ஆகியவற்றைச் சகிக்க வேண்டியிருக்கின்றது. ஆதலால் தொடங்கியவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே ஓராண்டு முடிவில் மருந்தைத் தொடர்கின்றனர் என்பது பல நாடுகளின் அனுபவம். குறுங்கோணக் கண் அழுத்த நோய் உடையோருக்கும், சிறுநீர் முழுதும் வெளியேறாமல் பையில் தங்கிவிடுவோருக்கும் இவை ஆகா. குளிர்நாட்டு நூல்களில் ஒரு வரியோடு நின்றுவிடும் எச்சரிக்கை ஒன்றை நாம் அழுத்திச் சொல்ல வேண்டும். இம்மருந்துகள் வியர்வையைக் குறைக்கின்றன. வட இந்தியச் சமவெளியில் மே மாத வெயிலில் வயலில் வேலை செய்யும் ஒருவருக்கு வியர்வையே உயிர்க்காப்பு. அது குறைந்தால் வெப்பத் தாக்கு எளிதில் நேரும். வாய் உலர்கிறதே என்று தண்ணீர் குடித்தால் சிறுநீர் மிகும். சிறுநீருக்கு அஞ்சித் தண்ணீரைக் குறைத்தால் உடல் வறளும். நோயாளி இவ்விரண்டுக்கும் இடையே அகப்பட்டுக்கொள்கின்றார்.

இவை யாவும் கண்ணுக்குத் தெரியும் தீமைகள். எமக்குக் கவலை தருவது கண்ணுக்குத் தெரியாதது. அஸிடைல்கோலின் சிறுநீர்ப்பையில் மட்டும் வேலை செய்வதன்று. மூளையில் நினைவாற்றலுக்கும் கவனத்துக்கும் அதுவே ஊழியம் புரிகின்றது. ஆக்ஸிபியூட்டினின் சிறிய மூலக்கூறு; கொழுப்பில் கரையக்கூடியது; இரத்தத்திலிருந்து மூளைக்குள் எளிதாகப் புகுந்துவிடும். இளைஞரின் மூளை இதனைத் தாங்கும். முதியவரின் மூளையில் அஸிடைல்கோலினின் இருப்பு முன்னரே குறைந்திருப்பதால், சிறு தடையும் அங்கே பெரிதாகின்றது. பெயர்கள் மறக்கின்றன, பகலில் உறக்கம் வருகின்றது, சில சமயம் இடமும் நேரமும் குழம்புகின்றன. வீட்டார் இதனைப் பார்த்து, அம்மாவுக்கு வயதாகிவிட்டது என்று கூறி அமைகின்றனர். மாத்திரை தொடங்கிய நாளையும் மறதி தொடங்கிய நாளையும் எவரும் சேர்த்து வைத்துப் பார்ப்பதில்லை.

நீண்ட கால விளைவைப் பற்றிய சான்றுகள் இரண்டை மட்டும் குறிப்பிடுவோம். அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் 65 வயதை எட்டிய 3,434 பேரைச் சராசரி ஏழாண்டுக்கு மேல் கவனித்து வந்தனர். அவர்களில் 797 பேருக்கு மறதி நோய் உண்டாயிற்று. அஸிடைல்கோலினைத் தடுக்கும் மருந்துகளை மிகுதியாக உண்டவர்களுக்கு அந்த அபாயம் உண்ணாதவரினும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு என 2015இல் வெளியான அவ்வாராய்ச்சி கண்டது. நாளொன்றுக்கு 5 மில்லிகிராம் ஆக்ஸிபியூட்டினினை மூன்றாண்டுக்கு மேல் உண்பது அந்த "மிகுதி" என்னும் வகையில் அடங்கும். இது பலரும் சாதாரணமாக உண்ணும் அளவினும் அதிகமன்று. அடுத்து, பிரிட்டனில் மறதி நோயுற்ற 58,769 பேரையும் நோயற்ற 2,25,574 பேரையும் ஒப்பிட்ட ஆராய்ச்சி 2019இல் வெளியாயிற்று. சிறுநீர்ப்பைக்கான இவ்வின மருந்துகளை மிக அதிக அளவில் உண்டவர்களிடையே நோயின் வாய்ப்பு 65 சதவீதம் கூடுதலாக இருந்தது.

இவை தொடர்பைக் காட்டுபவையே அன்றிக் காரணத்தை நிரூபிப்பவை அல்ல என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மறதி நோய் வெளிப்படுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே சிறுநீர்க் கட்டுப்பாடு தளர்வதுண்டு. அதற்காக மருந்து உண்டவர் பின்னர் மறதி நோய்க்கு ஆளானால், பழி மருந்தின் மேல் விழும். இவ்வாட்சேபத்தை இவ்வாராய்ச்சியாளர்களும் அறிவர். நோய் கண்டதற்கு முந்தைய சில காலத்து மருந்தைக் கணக்கில் சேர்க்காமல் விட்டும் பார்த்தனர். தொடர்பு மறையவில்லை. நிரூபணம் வரட்டும் என்று காத்திருப்பதற்கு வேறு வழியே இல்லையெனில் காத்திருக்கலாம். வேறு வழி உள்ளபோது காத்திருப்பானேன்? பிரிட்டனின் நைஸ் நிறுவனம் 2019இல் வெளியிட்ட நெறிமுறையில், உடல்நிலையோ மனநிலையோ திடீரெனச் சீர்குலையக்கூடிய முதிய பெண்களுக்கு உடனே கரையும் ஆக்ஸிபியூட்டினினைக் கொடுக்க வேண்டாம் என்று தெளிவாகவே கூறியுள்ளது. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் பட்டியலும் இவ்வினத்து மருந்துகளை எச்சரிக்கையுடன் நோக்குகின்றது.

ஆபத்து ஒரு மாத்திரையோடு நிற்பதுமில்லை. நம் நாட்டு முதியவரின் மருந்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள். சளிக்கென்று வாங்கிய குளோர்பெனிரமின், வயிற்று வலிக்கு டைஸைக்ளோமின், கால் எரிச்சலுக்கும் உறக்கத்திற்கும் அமிட்ரிப்டிலின் ஆகிய இவையெல்லாம் அஸிடைல்கோலினைத் தடுக்கும் ஆற்றல் வாய்ந்தவை. தனித்தனியே பார்த்தால் சிறியவை. சேர்ந்தால் ஊமத்தைக்குச் சமீபமாக வந்துவிடும். இவற்றுள் சில டாக்டர் சீட்டு இல்லாமலே கடையில் கேட்டு வாங்கப்படுகின்றன. இன்னும் விசித்திரமான ஒரு சங்கிலியும் உண்டு. மறதி நோய்க்குக் கொடுக்கப்படும் டோனெபெஸில் என்னும் மருந்து அஸிடைல்கோலினைப் பெருக்குவது; அதன் பக்க விளைவாகச் சிலருக்குச் சிறுநீர் அவசரம் தோன்றும். அந்த அவசரத்துக்கு ஆக்ஸிபியூட்டினின் எழுதப்படும். ஒரு கையால் வார்த்ததை மறு கையால் வடிக்கும் இந்த வேலை வெளிநாடுகளில் ஆராய்ந்து எழுதப்பட்ட ஒன்று. வெவ்வேறு டாக்டர்களிடம் சீட்டு வாங்கும் நம் மக்களுக்கு இது இன்னும் எளிதில் நேரும்.

இனி, கவனிப்பாரின்றிக் கிடக்கின்றது என்று நாம் சொன்ன பயிற்சிக்கு வருவோம். 1998இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், 55 முதல் 92 வயது வரையிலான 197 பெண்களை மூன்று பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்குச் சிறுநீரை அடக்கும் பயிற்சியும், மற்றொரு பிரிவினருக்கு ஆக்ஸிபியூட்டினினும், மூன்றாம் பிரிவினருக்குப் பெயரளவு மாத்திரையும் அளிக்கப்பட்டன. எட்டு வார முடிவில் ஒழுக்கு நேரும் தடவைகள் பயிற்சி பெற்றோருக்கு 80.7 சதவீதமும், மருந்துண்டோருக்கு 68.5 சதவீதமும், பெயரளவு மாத்திரை உண்டோருக்கு 39.4 சதவீதமும் குறைந்திருந்தன. அதாவது பயிற்சி மருந்தை வென்றது. பணக்கார நாட்டு ஆஸ்பத்திரியின் கருவிகளைக் கொண்டு பெற்ற வெற்றி இது. நமக்கு எட்டுமா என்று கேட்கலாம். அக்கேள்விக்கும் அதே ஆராய்ச்சியாளர் குழு 2002இல் விடையளித்தது. 222 பெண்களில் கருவியுடன் பயின்றோருக்கு 63.1 சதவீதமும், கருவியின்றிச் செவிலியர் வாய்மொழியால் பயின்றோருக்கு 69.4 சதவீதமும், கையில் ஒரு சிறு புத்தகத்தை மட்டும் பெற்றுச் சென்றோருக்கு 58.6 சதவீதமும் குறைவு ஏற்பட்டது. இவ்வேறுபாடுகள் புள்ளிவிவர முறையில் பொருட்படுத்தத்தக்கவை அல்ல என்பது அவர்கள் கண்ட முடிவு. ஒரு சிறு புத்தகமே இவ்வளவு செய்யுமானால், வாரம் ஒரு முறை வீட்டு வாயிலில் வந்து நிற்கும் ஊழியரின் வாய்மொழி எவ்வளவு செய்யும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பயிற்சியின் முறை கடினமானதன்று. முதல் மூன்று நாட்கள், எப்போது குடித்தார், எப்போது கழித்தார், எப்போது ஒழுகியது என்று குறித்து வரச் செய்க. எழுத்தறியாதவராயின் வீட்டுச் சிறுவனோ சிறுமியோ நாட்காட்டியில் கோடு போட்டு வைக்கலாம். மணிக்கொரு முறை போகிறவர் என்று தெரிந்தால், கடிகாரத்தைப் பார்த்து மணிக்கொரு முறை போகச் சொல்லி, வாரந்தோறும் அந்த இடைவெளியைக் கால் மணி நேரம் கூட்டிக்கொண்டே வந்து மூன்று மணி நேரத்தை எட்டுவது இலக்கு. இடையில் அவசர உணர்வு எழுந்தால் என்ன செய்வது? ஓடலாகாது என்பதே இதில் முதற் பாடம். ஓட்டம் வயிற்றில் அழுத்தத்தைக் கூட்டும். கழிப்பறைக் கதவு கண்ணில் பட்டதும் உணர்வு இரட்டிக்கும். ஆகவே இருந்த இடத்திலேயே உட்கார்ந்தோ அசையாமல் நின்றோ, வாயு பிரிவதை அடக்குவது போல அடித்தளத் தசைகளை ஐந்தாறு முறை விரைவாக இறுக்கி விட வேண்டும். அத்தசைகள் இறுகுங்கால் நரம்பு வழியே சிறுநீர்ப்பைக்குத் தளர்ச்சிக் கட்டளை செல்லும். உணர்வு அலை போல் எழுந்து அலை போல் தணியும். தணிந்த பின் மெதுவாக நடந்து போகலாம். தேநீரும் காப்பியும் மிகுதியாகக் குடிப்பவர் அவற்றைக் குறைக்க வேண்டும். மலச்சிக்கலைத் தீர்க்க வேண்டும். உறங்கப் போகுமுன் இரண்டு மணி நேரம் பானங்களைக் குறைக்கலாம். பகலில் தண்ணீரைக் குறைப்பது கூடாது, ஏனெனில் அடர்ந்த சிறுநீர் பையை மேலும் உறுத்தும். நைஸ் நெறிமுறை இப்பயிற்சிக்குக் குறைந்தது ஆறு வாரம் தரச் சொல்கின்றது. மூன்றாம் நாளே பலன் இல்லை என்று கைவிடுவோர் பலர். ஊழியரின் வருகை மிகவும் வேண்டப்படுவது அந்த மூன்றாம் நாளிலேதான்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதையும் கேட்போம். அமெரிக்கச் சிறுநீரியல் சங்கம் 2024இல் வெளியிட்ட நெறிமுறை, முதற்படி, இரண்டாம்படி என்று சிகிச்சையை வரிசைப்படுத்தும் வழக்கத்தைக் கைவிட்டு, நோயாளியும் டாக்டரும் கலந்து எதையும் தேர்ந்துகொள்ளலாம் என்கின்றது. அப்படியிருக்க, பயிற்சி முதலில் என்று நாம் வற்புறுத்துவது பிற்போக்கல்லவா? அந்நெறிமுறை நடத்தைப் பயிற்சியை எல்லோருக்கும் அளிக்கச் சொல்கின்றது என்பதையும், இவ்வினத்து மருந்து உண்போரிடம் மறதி நோயின் அபாயத்தை எடுத்துக் கூற வேண்டும் என்று விதிக்கின்றது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். மேலும், எல்லாச் சிகிச்சையும் கைக்கெட்டும் நாட்டில் தேர்வு என்பதற்குப் பொருளுண்டு. வட்ட ஆஸ்பத்திரியில் மூன்று நிமிஷம் டாக்டரைப் பார்த்துத் திரும்பும் மூதாட்டிக்கு முன்னால் தேர்வு என்பதன் பெயரால் வைக்கப்படுவது ஒரு மாத்திரை மட்டுமே. பயிற்சிக்கு நேரமில்லை என்பது டாக்டரைப் பொறுத்தவரை உண்மை. அதனாலேயே அப்பணி கள ஊழியரிடம் வர வேண்டும் என்கின்றோம். முதியோர் நலனுக்கான தேசியத் திட்டம் 2010-11ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. அதன் கீழ் வீடு செல்லும் ஊழியர் கேட்கும் கேள்விகளில் இதுவும் ஒன்றாக வேண்டும்.

பயிற்சி போதாதவருக்கு மருந்து வேண்டும்; அதில் தயக்கமில்லை. எந்த மருந்து என்பதே கேள்வி. பையின் தசையைச் சுருக்கும் கட்டளையைத் தடுப்பதற்குப் பதிலாக, அதனைத் தளர்த்தும் இன்னொரு நரம்பு வழியைத் தூண்டுவது புதிய வகை. பீட்டா-3 என்னும் ஏற்பியின் மேல் வேலை செய்யும் மிராபெக்ரான் ஜப்பானில் 2011இலும் அமெரிக்காவில் 2012இலும் அனுமதி பெற்றது. விபெக்ரான் அதற்குப் பின் வந்தது. பலன் பழைய மருந்துகளுக்கு ஏறக்குறைய நிகர். வாயுலர்ச்சியோ பெயரளவு மாத்திரை உண்டவருக்கு உள்ள அளவே. அஸிடைல்கோலினை இது தொடுவதில்லை. இந்திய நிறுவனங்கள் தயாரிக்கும் மிராபெக்ரான் இன்று கடைகளில் கிடைக்கின்றது. இதற்கும் நிபந்தனை உண்டு: இரத்த அழுத்தத்தை உயர்த்தக்கூடும். மேல் அளவு 180 அல்லது கீழ் அளவு 110க்குக் குறையாமல் கட்டுக்கடங்காது நிற்போருக்கு இதனைக் கொடுக்கலாகாது; மற்றவர்க்கும் அழுத்தத்தை அவ்வப்போது அளக்க வேண்டும். மாத்திரையை உடைக்காமலும் பொடிக்காமலும் விழுங்க வேண்டும். 25 அல்லது 50 மில்லிகிராம் தினம் ஒரு வேளை உண்டு, பலன் தெரிய எட்டு வாரம் வரை பொறுக்க வேண்டும்.

விலை அதிகம் என்பது மெய்யே. பொதுப் பணத்தில் மருந்து வாங்குவோர் ஆக்ஸிபியூட்டினினையே விரும்புவதற்கு அதுவே காரணம். ஆனால் கணக்கை முழுதாகப் போட வேண்டும். குழம்பிய நிலையில் விழுந்த ஒரு முதியவரின் இடுப்பெலும்புச் சிகிச்சைக்கும், மறதியுற்ற ஒருவரைப் பராமரிக்க வேலையை விட்டு வீட்டில் இருக்கும் மகளின் கூலிக்கும் அந்தக் கணக்கில் இடம் உண்டு. இளையவர்க்கும் நடுவயதினர்க்கும் பழைய மருந்துகளைக் குறைந்த காலத்துக்குக் கொடுப்பதை நாம் ஆட்சேபிக்கவில்லை. 65 வயதைக் கடந்தோருக்கு, அதிலும் மறதியின் சாயல் தெரிவோருக்கு, பொது ஆஸ்பத்திரிகளின் மருந்துப் பட்டியலில் பீட்டா-3 மருந்து இடம்பெற வேண்டும் என்பதே நமது கோரிக்கை. மூளைக்குள் எளிதில் புகாத ட்ரோஸ்பியம் கிடைக்கும் இடங்களில் அதுவும் ஆலோசிக்கத் தக்கது. மருந்துகளுக்கு அடங்காதோருக்குச் சிறுநீர்ப்பைத் தசையில் பாட்டுலினம் ஊசி, நரம்புத் தூண்டல் முதலியவை பெரிய ஆஸ்பத்திரிகளில் உண்டு.

பள்ளிக் குழந்தைகளைப் பற்றி ஆசிரியர்களுக்கு ஒரு சொல். வகுப்பில் அடிக்கடி எழுந்து அனுமதி கேட்கும் குழந்தையைக் குறும்பு என்று உட்கார வைப்பது எங்கும் நடக்கின்றது. சிலர் பள்ளிக் கழிப்பறைக்கு அஞ்சி நாள் முழுதும் அடக்கி வைத்து, மாலையில் வீடு திரும்பும் வழியில் தோற்றுப்போகின்றனர். பெரும்பாலும் மலச்சிக்கலும் கூடவே இருக்கும். இவர்களுக்கு மாத்திரையைவிட, இரண்டு மூன்று மணிக்கொரு முறை ஆசிரியரே சொல்லி அனுப்புவதும், போதிய தண்ணீரும், தாளிட்டுக்கொள்ளக்கூடிய கதவும் பயன் தரும். தாகமும் மெலிவும் சேர்ந்து தென்பட்டால் சர்க்கரையைப் பரிசோதிக்க அன்றே அனுப்புக.

ஏற்கெனவே ஆக்ஸிபியூட்டினின் உண்டுவரும் முதியவரைக் கண்டால் ஊழியர் தாமே அதை நிறுத்தச் சொல்லலாகாது. மாத்திரை தொடங்கிய மாதம், அதன் பின் வீட்டார் கண்ட மாறுதல், வீட்டிலுள்ள மற்ற மருந்துகள் அனைத்தின் பெயர், மூன்று நாள் சிறுநீர்க் குறிப்பு ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அந்தத் தாளைக் கையில் கொடுத்தனுப்புக. முதியவர் நாணத்தால் அதனை நீட்டத் தயங்குவார். உடன் செல்லும் மகனிடமோ மருமகளிடமோ கொடுப்பது மேல்.